ஆற்றுக்கரை ஏற்றத்தில் டிராக்டர் திணறினால் கியர்பாக்ஸைத்தான் பிரிக்க வேண்டுமா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். உங்கள் அப்பா 1997இல் வாங்கிய 35 குதிரைத்திறன் டிராக்டர். வயலில் ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) போட்டால் குறையில்லாமல் ஓடுகிறது. ஆனால் டிரெய்லரில் 100 மூட்டை நெல் ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனால், ஆற்றுக்கரைக்கு ஏறும் இடத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. சில நாள் கரையிலிருந்து இறங்கும்போது மூன்றாவது கியர் தானாக வெளியே வந்துவிடுகிறது. கியர் ஆயிலைத் தொட்டுப் பார்த்தால் பால் ஊற்றிய டீ மாதிரி இருக்கிறது. வந்து பார்த்த மெக்கானிக், 'கியர்பாக்ஸே போச்சு, மொத்தமா இறக்கணும்' என்று சொல்லிவிட்டார். செலவு செய்வதா, வந்த விலைக்குக் கொடுத்துவிடுவதா என்று கேட்கிறீர்கள்.

ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, மன்னார்குடி வட்டாரத்தில் டிராக்டர் பட்டறை வேலையிலேயே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். அந்த அனுபவத்தில் ஒன்றை நிச்சயமாகச் சொல்ல முடியும். நீங்கள் சொல்லும் மூன்றும் மூன்று தனித்தனி நோய். ஏற்றத்தில் இன்ஜின் கத்துவது பெரும்பாலும் கிளட்ச். கியர் வெளியே வருவது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் தேய்மானம். ஆயில் வெளுத்திருப்பது தண்ணீர். பழைய வண்டியில் மூன்றும் சேர்ந்து வந்தால் எல்லாம் ஒரே கோளாறு மாதிரி தெரியும். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஸ்பேனர் வைக்க வேண்டும்.

வயலில் நன்றாக ஓடுகிற வண்டிக்குக் கிளட்ச் எப்படிப் போகும் என்று நீங்கள் கேட்கலாம். நிறையப் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். உங்கள் வண்டியில் இரட்டைக் கிளட்ச் இருக்க வாய்ப்பு அதிகம். பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். முழுக்க மிதித்தால்தான் ரோட்டவேட்டரும் நிற்கும் என்றால் இரட்டைக் கிளட்ச் என்று அர்த்தம். அதில் சக்கரத்துக்கு ஒரு பிளேட், பிடிஓவுக்கு, அதாவது ரோட்டவேட்டரைச் சுழற்றும் பின்பக்க ஷாஃப்ட்டுக்கு, ஒரு பிளேட். சேற்றில் ரோட்டவேட்டர் ஓட்டும்போது இன்ஜினின் பாரத்தில் பெரும்பகுதி பிடிஓ பிளேட் வழியாகப் போய்விடுகிறது. சக்கரத்துக்கான பிளேட் லோ கியரில் வண்டியை மெதுவாக நகர்த்தினால் போதும். அதற்கு மேல் பாரம் வந்தாலும் கிளட்ச் வழுக்குவதற்கு முன்னால் சேற்றில் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே 'வயலில் நல்லா ஓடுது' என்பதை வைத்து மெயின் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

ரோட்டிலும் அப்படித்தான். நம் பக்கத்தில் மேடு என்று சொல்ல என்ன இருக்கிறது? ஆற்றுக்கரையும் பாலமும்தான். நீடாமங்கலம் பக்கத்து நீர்ப்பிரிப்பு அணையான மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. ஒவ்வொரு ஆற்றுக்கும் இரண்டு பக்கமும் கரை, அதற்கப்புறம் ஊருக்கு ஊர் வாய்க்கால் பாலம். மற்றபடி எல்லாம் தட்டையான பூமி. மலைப்பக்கத்து வண்டியில் கிளட்ச் தேய ஆரம்பித்தால் அந்த வாரமே தெரிந்துவிடும். இங்கே ஒரு சீசன் முழுக்கத் தெரியாமலே ஓடும். கரை ஏறும் அந்த ஐம்பது அடியில்தான் காட்டிக்கொடுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. 100 மூட்டை என்றால் 4 டன். டிரெய்லர் எடை ஒன்றரை டன், டிராக்டர் 1.8 டன் என்று வைத்தால் மொத்தம் 7.3 டன். தார் ரோட்டில் சமதரையில் இதை உருட்ட எடையில் 2 சதவீத அளவுக்கு இழுவை தேவை என்று கொண்டால், 150 கிலோவுக்குப் பக்கம். பத்தடிக்கு ஓரடி உயரும் கரை ஏற்றத்தில் அதோடு இன்னும் 730 கிலோ சேரும். ஒரேயடியாக ஆறு மடங்கு. அந்த ஏற்றத்தை மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினாலே 32 குதிரைத்திறன் சக்கரத்தில் போய்ச் சேர வேண்டும். 35 குதிரை இன்ஜினில் அவ்வளவும் சக்கரம் வரை வருவதே சந்தேகம். எனவே ஹை கியரில் ஏறப் பார்த்தால் நல்ல வண்டியே திணறும். இந்தக் கணக்கை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோளாறே இல்லாத வண்டியை 'இழுக்கலை' என்று பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வருபவர்கள் வருஷா வருஷம் உண்டு.

அதனால் அடுத்த முறை திணறும்போது நான்கு விஷயத்தைக் கவனியுங்கள். பாதி பாரம் போதும், முழுப் பாரம் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் கீழே நின்று சக்கரத்தைப் பார்க்கட்டும். டிரெய்லருக்குப் பின்னால் மட்டும் யாரும் நிற்கக் கூடாது. இன்ஜின் சத்தம் இறங்கி, கரும்புகை தள்ளி, அணைகிற மாதிரி வந்தால் கிளட்ச் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பாரம் அதிகம், அல்லது இன்ஜினில் வலு குறைவு, அல்லது நீங்கள் போட்ட கியர் தப்பு. இன்ஜின் சத்தம் ஏறி, பெரிய சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றினால் தரையில் பிடிமானம் இல்லை. இன்ஜின் சத்தம் ஏறி, சக்கரமும் சுற்றாமல், தீய்ந்த நாற்றம் வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. நான்காவதை ரொம்பப் பேர் பார்ப்பதே இல்லை. இன்ஜின் சத்தம் சட்டென்று எகிறி, நாற்றம் எதுவும் இல்லாமல் வண்டி நின்றால், உடனே பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஹை கியரா லோ கியரா என்று மாற்றும் ஹை-லோ லீவரைப் பாருங்கள். அந்தச் சின்ன லீவர் அதிர்வில் நியூட்ரலுக்கு வந்திருக்கும். மெயின் கியர் போட்ட இடத்திலேயே இருப்பதால் கிளட்ச் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

நீங்கள் எழுதியதில் 'கத்துகிறது, நகர மறுக்கிறது' என்று இருப்பதால் மூன்றாவது வகை என்றுதான் தோன்றுகிறது. தீய்ந்த நாற்றம் வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அது வந்திருந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை.

கிளட்ச் என்று தெரிந்ததும் பிளேட் வாங்க ஓட வேண்டாம். முதலில் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் லேசாகப் போய், பிறகு கனமாகப் பிடிக்க வேண்டும். அந்த லேசான தூரத்தைத்தான் ஃப்ரீ பிளே என்கிறோம். பெரும்பாலான வண்டிகளில் அது ஒரு அங்குலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கம்பெனி கொடுத்த கையேட்டில் இருக்கும். பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் குறைந்துகொண்டே வரும். முழுக்கப் போய்விட்டால், நீங்கள் பெடலைத் தொடாதபோதும், பெடலோடு நகரும் ரிலீஸ் பேரிங் கிளட்சைத் திறக்கும் பிங்கர்களை அழுத்திக்கொண்டே இருக்கும். கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட்டால் முழு பலத்தோடு பிடிக்க முடியாது. வழுக்கும், சூடேறும், இன்னும் வேகமாகத் தேயும். ராடில் இருக்கும் நட்டைத் திருகி ஆட்டத்தைச் சரியாக வைக்க அரைமணி நேரம் போதும். 'கிளட்ச் போச்சு' என்று வந்த வண்டிகளில் இதை மட்டும் செய்து, அதற்குப் பிறகு இரண்டு அறுவடை ஓடியதைப் பார்த்திருக்கிறேன். கூடவே ஓட்டுகிறவரின் இடது காலையும் பாருங்கள். நம் வரப்போரச் சாலையில் எதிரே மாடு, சைக்கிள் என்று வந்துகொண்டே இருப்பதால் கால் பெடல் மேலேயே உட்கார்ந்திருக்கும். அந்தக் கால் எடையே கிளட்சின் பிடியைக் குறைக்கப் போதுமானது.

ஆட்டம் சரியாக இருந்தும் வழுக்கினால் ஒரு சோதனை. டிரெய்லரைக் கழற்றிவிடுங்கள். முன்னும் பின்னும் ஆள் இல்லாத சமதரை வேண்டும். இரண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு இணைத்து நன்றாக மிதித்துக்கொண்டு, டாப் கியரில், இன்ஜினை நடுத்தர வேகத்தில் வைத்து, கிளட்சை விடுங்கள். இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் பிளேட் வழுக்குகிறது. இரண்டு மூன்று வினாடிக்கு மேல் விடாதீர்கள், உள்ளே தீய்ந்துவிடும். இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. இதில் தோற்ற கிளட்ச் நிச்சயம் கெட்டது. இதில் தேறிய கிளட்ச் நல்லது என்று அடித்துச் சொல்ல முடியாது. லேசாக வழுக்கும் கிளட்ச் இங்கே அணைந்துவிட்டு, பாரத்தோடு கரை ஏறும்போது சூடேறி வழுக்கும். பிரேக் சரியில்லாத வண்டியில் இதைச் செய்யவே வேண்டாம்.

அடுத்து வண்டிக்கு அடியில் படுங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், பெல் ஹவுசிங்கின் அடிவயிற்றில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சில வண்டியில் அதில் ஒரு ஸ்பிளிட் பின் ஆடிக்கொண்டிருக்கும், சில வண்டியில் திருகும் பிளக் இருக்கும். உள்ளே கசிகிற எண்ணெயும் தண்ணீரும் தங்காமல் வெளியேறத்தான் அந்த ஓட்டை. சேற்றில் இறங்கும்போது தண்ணீர் ஏறாமல் அடைக்க வேண்டும், சேற்று வேலை முடிந்ததும் திறந்துவிட வேண்டும். அடைப்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், திறப்பது மறந்துபோகும். வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த ஒரு வண்டியில், சேறு காய்ந்து கல்லாகிவிட்ட அந்த ஓட்டையை ஆணியால் குத்தித் திறந்தேன். என் கையில் அரை டம்ளர் அளவுக்குச் செந்நிறத் தண்ணீர் கொட்டியது, துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த தண்ணீர் மாதிரி. பின்னாலேயே கறுப்பாகக் குழைந்த தூள் வந்தது, பிளேட்டின் லைனிங். நாலு மாதம் கிளட்ச் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே வேலை செய்திருக்கிறது.

அந்த ஓட்டையில் என்ன வருகிறது என்பதே பாதி பதில். ஒன்றும் வராமல் காய்ந்த தூள் மட்டும் உதிர்ந்தால் பிளேட் வெறுமனே தேய்ந்திருக்கிறது. மெல்லிய கறுப்பு எண்ணெய் சொட்டினால் இன்ஜின் ஆயில். கிராங்கின் பின்பக்க சீல் போயிருக்கிறது. கெட்டியாக, கியர் ஆயிலுக்கே உரிய காட்டமான நாற்றத்தோடு வந்தால் கியர்பாக்ஸ் முன்பக்க சீல். உங்கள் வண்டியில் அது வெளுத்த நிறத்தில் வந்தாலும் கியர் பக்கத்து ஆயில்தான். எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது வீண் வேலை. லைனிங்குக்குள் ஊறிய எண்ணெய் சூட்டில் திரும்ப வெளியே வரும். சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போடுவதும் அதே மாதிரிதான், ஆறு மாதத்தில் பழைய கதை.

இப்போது கியர் வெளியே வருவதைப் பார்ப்போம். அது எப்போது வருகிறது என்பதே முக்கியமான தடயம். இறக்கத்தில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறும்போது இன்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறங்கும்போது பாரம் சக்கரத்தைத் தள்ளி, சக்கரம் இன்ஜினைத் தள்ளுகிறது. பல்லின் மேல் வரும் அழுத்தம் பக்கம் மாறுகிறது. அப்படி மாறும் நேரத்தில் பிடிப்பு தளர்ந்த கியர் நழுவும். பிடிப்பு தளர மூன்று நான்கு காரணம் உண்டு. ஷிஃப்டர் ராடில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்து கியரைப் பிடித்துவைக்கும் லாக் பாலின் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம் அல்லது உடைந்திருக்கலாம். கியரை நகர்த்தும் கவையான ஷிஃப்டர் போர்க் தேய்ந்தோ வளைந்தோ இருந்தால் கியர் முழு ஆழத்துக்குப் போய்ச் சேராது. பற்களின் முனை மழுங்கிச் சரிவாகியிருந்தால் பாரம் வரும்போது அதுவே கியரை வெளியே தள்ளும். பேரிங் ஆட்டம் கண்டு ஷாஃப்ட் சாய்ந்தாலும் இதே விளைவு.

இதில் எது என்று ஓரளவு லீவரே சொல்லும். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போடுங்கள். நல்ல கியர் விழும்போது 'டக்' என்று கையில் தெரியும். மூன்றாவதில் மட்டும் அந்த 'டக்' இல்லாமல் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் போனால் ஸ்பிரிங், பால் மேல் சந்தேகம். 'டக்' நன்றாக விழுந்தும், ஓடும்போது லீவர் உங்கள் உள்ளங்கையை உதறித் தள்ளினால் பல் அல்லது பேரிங். இது உறுதியான தீர்ப்பு இல்லை, மேல் மூடியைத் திறந்து பார்க்கும் வரை சந்தேகம்தான். ஆனால் மேல் மூடியைத் திறப்பது வண்டியை இரண்டாகப் பிரிப்பதைவிடச் சின்ன வேலை. சில மாடல்களில் அதன் மேலேயே ஸ்டீயரிங் பெட்டி உட்கார்ந்திருக்கும், அப்போது வேலை கொஞ்சம் கூடும். அப்படியே இருந்தாலும் ஸ்பிரிங், பால், போர்க் மூன்றையும் அந்த வழியிலேயே பார்க்கலாம். டார்ச் அடித்துப் பற்களின் முனையையும் பார்க்கலாம். இதைச் செய்யாமல் 'மொத்தமா இறக்கணும்' என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கியர் சரியாகும் வரை பாரம் ஏற்றிக்கொண்டு கரையில் இறங்காதீர்கள். லீவரைக் கயிறு போட்டுக் கட்டுவதும், மட்கார்டில் உட்கார்ந்திருக்கும் பையன் காலால் அழுத்திப் பிடிப்பதும் நம் பக்கத்தில் சர்வசாதாரணம். கட்டிவைத்தால் போர்க் கியரோடு உரசிச் சூடேறி இன்னும் தேயும் என்பது சின்ன விஷயம். நம் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றில் பிரேக்கே கிடையாது. இறக்கத்தில் கியர் வெளியே வந்தால் ஐந்தரை டன்னும் டிராக்டரின் பிரேக் மேல் வந்து விழும். பிரேக் போட்டால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி டிராக்டரைக் குறுக்கே திருப்பிவிடும். ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் வயல். மட்கார்டில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

சத்தத்தைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் பெடலை மிதித்தால் மட்டும் கேட்கும் கீச்சுச் சத்தம் ரிலீஸ் பேரிங் அல்லது ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங். நியூட்ரலில் கேட்டு, மிதித்ததும் நிற்கும் சத்தம் கியர்பாக்ஸின் முன்பக்கத்து பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் கேட்டால் அந்தக் கியரின் பல். எல்லாக் கியரிலும், வண்டி வேகத்தோடு ஏறி இறங்கினால் பின்பக்கம், சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குத் திருப்பும் கிரௌன் பினியன் பல்சக்கரங்கள் வரை பார்க்க வேண்டும். திரும்பும்போது மட்டும் என்றால் டிஃபரன்ஷியல்.

பால் டீ நிற ஆயில்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. தண்ணீர்தானா என்று சந்தேகம் இருந்தால், ஒரு பழைய இரும்புத் தகட்டை அடுப்பில் நன்றாகச் சுட வைத்து, தள்ளி நின்று இரண்டு சொட்டு விடுங்கள். தண்ணீர் இருந்தால் கடுகு மாதிரி படபடவென்று வெடிக்கும். தோசைக்கல்லை எடுக்க வேண்டாம், அப்புறம் அதில் எதுவும் சுட முடியாது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றால், டெல்டாவில் முதல் காரணம் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் போட்டு ஆழச் சேற்றில் ஓட்டுவது. ஆக்சில் சீல், பிடிஓ ஷாஃப்ட் சீல், கியர் லீவர் அடியில் கிழிந்த ரப்பர் உறை, மூடி தொலைந்த பிரீதர் (உள்ளே காற்று போய்வரும் துளை) எல்லாமே வாசல்கள்தான். சூடாக ஓடிய வண்டியைச் சேற்றுத் தண்ணீரில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் பம்புத் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுவதும் இதே தப்புத்தான். பிரீதர் மேலும் லீவர் உறை மேலும் நேராக அடிக்கக் கூடாது.

இந்த ரகத்துப் பழைய வண்டிகளில் நிறைய மாடல்களுக்குக் கியர், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். அப்படி இருந்தால் தண்ணீர் லிஃப்ட் பம்பையும் சேர்த்துக் கெடுக்கும். ஆயில் அளவு நீங்கள் ஊற்றாமலே கூடியிருந்தால், கூடினது தண்ணீர். ஒரு ராத்திரி முழுக்க வண்டியை அசைக்காமல் விட்டு, காலையில் இன்ஜினைத் தொடுவதற்கு முன் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், ஆகவே அதுதான் முதலில் வரும். ஒரு பாட்டிலில் பிடித்து வையுங்கள், எவ்வளவு நுழைந்திருக்கிறது என்று தெரியும். ஆனால் வெளுத்துக் குழம்பிப்போன ஆயிலில் கலந்த தண்ணீர் முழுக்கப் பிரிந்து வராது. அந்த ஆயிலைக் காப்பாற்ற வழியில்லை. வண்டியை ஓட்டிச் சூடாக்கி, மொத்தமாக வடித்து, கொஞ்சம் மலிவான ஆயில் ஊற்றி பாரமில்லாமல் சில நிமிஷம் ஓட்டி, அதையும் வடித்து, பிறகு சரியான ஆயிலை ஊற்ற வேண்டும். அதற்கு முன்னால் நுழைந்த வாசலை அடைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த நடவுக்கு மறுபடி பால் டீ.

வடிக்கும்போது பிளக்கைக் கவனமாகப் பாருங்கள். காந்தம் உள்ள பிளக் என்றால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்தால் மை மாதிரி இழுபட்டால் அது வயசுக்கேற்ற தேய்மானம், பயப்பட வேண்டாம். விரலில் நறநறவென்று படும் செதில், உடைந்த பல்லின் துண்டு, பேரிங் கூட்டின் தகடு இருந்தால் மெக்கானிக் சொன்னது சரி, பிரித்தே ஆக வேண்டும். உங்கள் கேள்விக்கு நான் இங்கிருந்தே முழுப் பதில் சொல்ல முடியாததற்குக் காரணமும் அதுதான். அந்தப் பிளக்கை நான் பார்க்கவில்லை.

எந்த ஆயில் ஊற்றுவது என்பதில் பிரேக்கை முதலில் பாருங்கள். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிக்கு அதற்கென்று உள்ள டிராக்டர் ஆயில்தான். சாதாரண கியர் ஆயில் ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது உறுமும், பிடிப்பும் மாறும். உலர் பிரேக் வண்டி என்றால் கையேட்டில் போட்டிருக்கும் கிரேடு. சத்தத்தை அடக்க 140 நம்பர் கெட்டி ஆயில் ஊற்றச் சொல்வார்கள். சத்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது. ஹைட்ராலிக்கும் சேர்ந்த ஆயில் என்றால் லிஃப்ட்டும் மந்தமாகும்.

ஆயில் மாற்றும் நேரத்தில் நான் மற்றவர்களோடு ஒத்துப்போவதில்லை. மேட்டூர் திறந்து தண்ணீர் வரப்போகிறது, குறுவை உழவு வந்துவிட்டது என்றதும் ஜூன் மாதம்தான் எல்லோரும் ஆயில் மாற்ற வருவார்கள். என் கணக்கில் மாற்ற வேண்டியது குறுவைக்கு அடுத்த போகமான தாளடி அறுவடையும் நெல் ஏற்றுவதும் முடிந்த கையோடு. ஓடும் வண்டியில் எண்ணெய் எல்லாப் பக்கமும் தெறித்து பேரிங்கை மூடிக்கொண்டே இருக்கும். நிற்கும் வண்டியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. சேற்று சீசனில் நுழைந்த தண்ணீரோடு கோடை முழுக்க வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினால், பேரிங்கின் உருளைகளில் துரு கோடு போட்டுவிடும். ஜூனில் புது ஆயில் ஊற்றினாலும் அந்தக் கோடு போகாது. நிற்கும் மாதங்களில் பத்து நாளைக்கு ஒரு தடவை இன்ஜினைப் போட்டு, நாலு தடவை கிளட்சை மிதித்து, வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும்.

வைத்துக்கொள்வதா, விற்பதா? கியர்பாக்ஸ் 'மொத்தமாகப் போவது' அபூர்வம். ஒரு கியர், ஒரு போர்க், இரண்டு பேரிங் என்று உதிரியாகத்தான் போகும், உதிரியாகவே வாங்கலாம். பிளக்கில் செதில் இல்லை, இன்ஜின் நன்றாக இருக்கிறது என்றால் நான் வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன். பல் உடைந்து மற்ற கியர்களுக்கு நடுவில் மாட்டி, ஹவுசிங்கிலேயே விரிசல் கண்டிருந்தால் மட்டும் விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.

கிளட்சுக்காக வண்டியைப் பிரிக்க வேண்டி வந்தால், கூலியில் பெரும்பங்கு பிரித்துச் சேர்ப்பதற்குத்தான் போகும். ஆகவே ஒரே பிரிப்பில் பிளேட்டோடு கிராங்க் சீல், கியர்பாக்ஸ் முன்சீல், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஃப்ளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்திருந்தாலோ மயிரிழை வெடிப்பு இருந்தாலோ லேத்தில் காட்டிச் சரிசெய்ய வேண்டும். வெடிப்பு ஆழமாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். பிங்கர்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கும்படி அளந்து வைக்கச் சொல்லுங்கள். இரட்டைக் கிளட்சில் இது கண் மதிப்பில் செய்யும் வேலை இல்லை, அதற்குரிய கேஜ் உள்ள பட்டறையாகப் பாருங்கள். பிரிப்பதற்கு முன் முன் ஆக்சிலின் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடிக்கிறார்களா என்று நீங்களே நின்று கவனியுங்கள். ஆப்பு இல்லாமல் பிரித்தால் இன்ஜின் பக்கவாட்டில் சாயும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க யாரையும் விடாதீர்கள். கழற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

நாளைக் காலையில் பெடல் ஆட்டம், அடி ஓட்டை, டிரெயின் பிளக் மூன்றையும் பார்த்துவிட்டு, பிளக்கில் ஒட்டியிருப்பதைப் படம் எடுத்துப் போடுங்கள். மூன்றாவது கியர் ஏற்றத்திலும் வெளியே வருகிறதா, இறக்கத்தில் மட்டும்தானா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, மேல் மூடியைத் திறந்தால் போதுமா, பிரிக்க வேண்டுமா என்று சொல்கிறேன்.